ஒற்றையா இரட்டையா

1

1905ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் தேதி, கோலாலம்பூர் பைத்தியக்கார விடுதியில் இருந்த எல்லோரையும் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி, இடது ஓரத்திலிருந்து எண்ணிக்கொண்டு வந்தார்கள். ஒற்றைப்படை எண் விழுந்தவர்கள் முற்றத்தின் கிழக்கே இருந்த கட்டடத்துக்குப் போனார்கள். இரட்டைப்படை எண் விழுந்தவர்கள் மேற்கே. இரண்டு கட்டடங்களும் ஒரே அச்சு. சுற்றிலும் உயர்ந்த மதில். கொடுக்கப்பட்ட சாப்பாடும் ஒன்றுதான், அரிசியைத் தவிர. கிழக்கே இருந்தவர்களுக்கு அதுவரை தின்றுவந்த அதே சயாம் பச்சரிசி. மேற்கே இருந்தவர்களுக்கு இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசி.

1906 டிசம்பர் முடிய இது நடந்தது. இடையில் வந்து சேர்ந்தவர்களையும் கணக்கில் கொண்டால், பச்சரிசி தின்றவர்கள் 120 பேர். இவர்களில் முப்பதுக்கு மேற்பட்டோருக்கு பெரிபெரி கண்டது. 18 பேர் அதில் இறந்தார்கள். புழுங்கலரிசி தின்றவர்கள் 123 பேர். இவர்களில் இருவருக்கு மட்டுமே பெரிபெரி இருந்தது. அவர்களும் விடுதிக்குள் வரும்போதே அந்த நோயோடு வந்தவர்கள். பெரிபெரியால் செத்தவர் அந்தப் பக்கம் ஒருவருமில்லை.

இதை நடத்தியவர் வில்லியம் ஃப்ளெச்சர், கோலாலம்பூரின் மாவட்ட சர்ஜன். 1907இல் லான்செட் பத்திரிகையில் அவருடைய அறிக்கை வெளிவந்தது. ஆட்களை இரண்டாகப் பிரித்து ஒரே ஒரு பொருளை மட்டும் மாற்றிப் பார்க்கும் முறைக்கு ஒரு முன்னோடியாக வைத்திய சரித்திரக்காரர்கள் இன்று இதை மதிக்கிறார்கள். அந்த மதிப்பு நியாயமானதுதான். பாதி வழியில் ஃப்ளெச்சர் இன்னொரு காரியமும் செய்தார். கிழக்கே இருந்தவர்களை மேற்கேயும், மேற்கே இருந்தவர்களை கிழக்கேயும் மாற்றினார். அரிசியும் அவரவர் கூடவே போயிற்று. நோய் கட்டடத்தில் இருந்தால் கட்டடத்திலேயே தங்கியிருக்க வேண்டும். அது அரிசியின் பின்னாலேயே போனது. நோய் இடத்தில் இல்லை, சோற்றில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் துலக்கமான நிரூபணம் அன்று வேறெங்கும் கிடைத்திருக்கவில்லை.

நம் சிறுவர்கள் உள்ளங்கையில் புளியங்கொட்டையை மறைத்துக்கொண்டு ‘ஒற்றையா, இரட்டையா’ என்று விளையாடும்போதுகூட, கேட்பவன் ஒருவன், பதில் சொல்பவன் ஒருவன் என்று இரண்டு பேர் வேண்டும். கோலாலம்பூர்க் கொட்டகையில் எண்ணிக்கை மட்டுமே இருந்தது. கேள்வி இல்லை. அது ஏன் இல்லாமல் போயிற்று, பிறகு வந்தபோது அது என்னவாக வந்தது என்பதைத்தான் இங்கே பார்க்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால், மனநோயாளிகளின் புற்றுநோய் பற்றி இன்று உலகம் முழுவதும் பேசப்படுகிற விஷயத்தின் வேர் இந்தக் கொட்டகை வரை நீள்கிறது.

2

பெரிபெரியில் முதலில் கால் மரத்துப்போகும், நடை தளரும். சிலருக்கு உடம்பு முழுவதும் நீர் கோத்து வீங்கி இருதயம் நின்றுபோகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் ஜப்பானியக் கடற்படையில், ஜாவாவின் சிறைச்சாலைகளில், மலாயாவின் தகரச் சுரங்கங்களில் இது ஆட்களைக் கூட்டம் கூட்டமாக வாரிக்கொண்டு போயிற்று. எல்லா நோய்க்கும் கிருமியைத் தேடிக்கொண்டிருந்த காலம் அது. பட்டேவியாவில் எய்க்மான் என்ற டச்சு டாக்டர், தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகள் கால் விளங்காமல் விழுவதை 1890ஐ ஒட்டிக் கண்டார். 1897இல் ஃபோர்டெர்மான் என்பவர் ஜாவாவின் சிறைகளை ஒப்பிட்டுப் பார்த்து, தீட்டிய அரிசி போடும் சிறைகளில்தான் பெரிபெரி அதிகம் என்று காட்டினார். ஆனாலும் சந்தேகம் தீரவில்லை.

மலாயாவில் நெக்ரி செம்பிலானின் சர்ஜனாக இருந்த லெனார்ட் பிராடன் கண்டது நமக்கு நெருக்கமானது. சயாம் அரிசி தின்ற சீனச் சுரங்கத் தொழிலாளி பெரிபெரியில் சாகிறான். அதே ஊரில், அதே மழையில், அதே ஏழ்மையில் தோட்ட வேலை செய்யும் தமிழனுக்கு அநேகமாக அது வருவதில்லை. தமிழன் தின்பது புழுங்கலரிசி. இதற்கு பிராடன் கற்பித்த காரணம் தவறு. பச்சரிசி பழசாகும்போது அதில் ஏதோ பூஞ்சணம் பிடித்து விஷமாகிறது என்று நினைத்தார். கண்ட விஷயம் மட்டும் சரி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலும் முளையிலும் இருக்கிற சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் ஒரு பங்கு தங்கிவிடும். பச்சையாகத் தீட்டினால் தவிட்டோடு சத்தும் போய்விடும். 1912இல் காஸிமிர் ஃபங்க் ‘விட்டமின்’ என்ற பெயரைக் கொண்டுவந்தார். 1926இல் ஜாவாவில் யான்ஸெனும் டொனாத்தும் அந்தச் சத்தைப் படிகமாகப் பிரித்தார்கள். 1929இல் எய்க்மானுக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இதைப் படிக்கும் தமிழ் வாசகனுக்கு முதலில் ஒரு சந்தோஷம் தோன்றும். நம் கிழவிகள் கொல்லைப்புறத்தில் நெல் அவித்த அண்டாவில் விஞ்ஞானம் இருந்தது என்று ஒரு மேடைப் பேச்சுக்குப் போதுமான சரக்கு இதில் இருக்கிறது. இந்த மாதிரிப் பெருமைகளைச் சேகரிப்பதில் நாம் சோம்பேறிகள் அல்ல. ஆனால் புழுங்கலரிசியின் மேன்மை கிழவியின் சொல்லிலிருந்து விஞ்ஞான உண்மையானது அந்தக் கொட்டகை வழியாக. எதிர்ப்புறத்தில் பச்சரிசி தின்று 18 பேர் செத்ததனால்தான் புழுங்கலரிசி தின்றவர்களில் ஒருவரும் அந்த நோயால் சாகாததற்கு அர்த்தம் கிடைத்தது. பெருமையை எடுத்துக்கொள்கிறவன் இந்தக் கணக்கையும் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

3

ஃப்ளெச்சரைக் கொடியவனாக்கிவிட்டால் விஷயம் சுலபமாக முடிந்துவிடும். அவர் கொடியவரல்ல. 1905இல் எந்த அரிசி கொல்கிறது என்று யாருக்கும் நிச்சயமில்லை. அதுவரை விடுதியில் எல்லோரும் தின்றது சயாம் அரிசிதான். அந்த ஆண்டே அங்கே பெரிபெரி பரவிப் பலரைக் கொண்டுபோயிருந்தது. அவர் ஒருவர் வாயிலும் புதிதாக விஷத்தை ஊட்டவில்லை. பாதிப் பேரிடமிருந்து அதை எடுத்தார். தொடங்கிய நாளில் அவர்மீது குற்றமில்லை.

கேள்வி அதற்குப் பின்னால் வந்த மாதங்களைப் பற்றியது. 18 மரணங்கள் ஒரே நாளில் நிகழவில்லை. ஒவ்வொன்றும் ஒரு தேதியில் நிகழ்ந்து பதிவேட்டில் ஏறியது. புழுங்கலரிசி தின்றவர்களில் ஒருவரும் பெரிபெரியால் சாகவில்லை என்பதும் கூடவே ஏறிக்கொண்டிருந்தது. ஆனாலும் வருஷம் முடியும்வரை ஒரு பிரிவுக்குச் சயாம் அரிசி போய்க்கொண்டிருந்தது.

இதற்கடுத்து நடந்ததோடு வைத்துப் பார்த்தால் இதன் பொருள் தெரியும். கோலாலம்பூர் வைத்திய ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஹென்றி ஃப்ரேஸரும் தாமஸ் ஸ்டான்ட்டனும் 1907-08இல், காட்டில் சாலை போட்டுக்கொண்டிருந்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளிகளை இரண்டாகப் பிரித்து இதே சோதனையைச் செய்தார்கள். பச்சரிசி தின்றவர்களிடம் பெரிபெரி தலைகாட்டியதும் அவர்களுக்குப் புழுங்கலரிசிக்கு மாற்றிவிட்டார்கள், நோய் நின்றது. அவர்களும் ஒப்பந்தத்தில் கட்டுண்ட கூலிகளே. சுதந்திர மனிதர்கள் அல்ல. ஆனாலும் கூலிக்கு ஒரு விலை உண்டு. அவன் விழுந்தால் சாலை நிற்கும். விடுதியில் இருப்பவன் விழுந்தால் எதுவும் நிற்பதில்லை.

இன்னொரு நாட்டிலிருந்து இன்னொரு ஜோடி. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பெல்லாக்ரா என்ற நோய் - தோல் உரிந்து, வயிறு கெட்டு, கடைசியில் புத்தியும் பேதலிக்கும் - ஏழைகளைத் தின்றுகொண்டிருந்தது. ஜோசப் கோல்ட்பெர்கர் அது உணவுக் குறையால் வருவது என்று நினைத்தார். அதைக் காட்டுவதற்கு மிசிசிப்பியில் இரண்டு அனாதை விடுதிகளையும், ஜார்ஜியாவில் மில்லெட்ஜ்வில் என்ற ஊரிலிருந்த மாநிலப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியையும் 1914இல் தேர்ந்தார். பால், முட்டை, பயறு என்று சேர்த்துக் கொடுத்ததும் பெல்லாக்ரா திரும்பவில்லை. சேர்க்காமல் ஒப்பீட்டுக்காக வைத்திருந்த நோயாளிகளில் பலருக்குத் திரும்ப வந்தது. இதற்கு எதிர்ப்புறமாக, நல்ல உடம்பில் பெல்லாக்ராவை வரவழைத்துக் காட்ட 1915இல் மிசிசிப்பியின் ராங்கின் சிறைப் பண்ணைக்குப் போனார். அங்கே கைதிகளிடம் சம்மதம் கேட்டார்கள். சம்மதித்தவர்களுக்கு மன்னிப்பும் விடுதலையும் என்று கவர்னர் வாக்குக் கொடுத்தார். இதுவும் சுத்தமான சம்மதம் இல்லைதான். சிறைக்கதவைக் காட்டிக் கேட்கிற கேள்விக்கு என்ன பதில் வரும்? ஆனாலும் கைதியிடம் ஒரு பேரம் நடந்தது. பைத்தியத்திடம் பேரத்துக்கு எதுவும் இல்லை. அவனுக்குத் தண்டனைக் காலம் கிடையாது. ஆகவே குறைத்துக் கொடுப்பதாக ஆசை காட்டவும் முடியாது.

விஞ்ஞானத்துக்கு அன்று தேவைப்பட்டது சுவர், ஒரே சாப்பாடு, வெளியே போகாத ஆட்கள். இந்த மூன்றும் ஒருங்கே கிடைத்த இடங்கள் சிறை, அனாதை விடுதி, பைத்தியக்கார ஆஸ்பத்திரி. இவற்றிலும் கேள்வி கேட்க வேண்டிய நிர்ப்பந்தம் கடைசியிலிருப்பதில் மிகக் குறைவு. நோயாளிகளின் மனநோய்க்கும் அரிசிக்கும் சம்பந்தமில்லை. அவர்களுடைய பைத்தியம் ஆராயப்படவே இல்லை. தேவைப்பட்டது அவர்கள் உடம்பு மட்டும்.

4

நேர் எதிராக ஒன்று புற்றுநோய் விஷயத்தில் நடந்தது. இங்கே உடம்பு மறைந்து பைத்தியம் மட்டும் மிஞ்சியது.

1909இல் இங்கிலாந்து, வேல்ஸ் பைத்திய ஆணையர்களின் அறிக்கை ஒரு விநோதத்தைக் குறித்தது. விடுதிகளில் இருப்பவர்களிடம் புற்றுநோய் குறைவாகத் தெரிகிறது என்றது. அந்தக் குறிப்பு எழுபது எண்பது வருஷங்கள் வைத்திய இலக்கியத்தில் சுற்றிவந்தது. மனச்சிதைவு உள்ளவர்களுக்குப் புற்றுநோய்க்கு எதிராக ஏதோ இயற்கைக் கவசம் இருக்கிறது என்று ஒரு கட்சி. இல்லை என்று ஒரு கட்சி. கவசத்தைப் பற்றிப் பேசியவர்கள் சாதாரணமான இரண்டு விஷயங்களுக்குப் போதிய இடம் கொடுக்கவில்லை. புற்றுநோய் பெரும்பாலும் வயதானவர்களுக்கு வருகிற நோய். விடுதியில் இருந்தவர்கள் காசநோயிலும் பேதியிலும் அதற்கு முன்பே செத்துக்கொண்டிருந்தார்கள். இன்னொன்று, தேடாத இடத்தில் கட்டி அகப்படாது.

தேடாமல் இருப்பதற்கு ஒரு மனப்பழக்கம் காரணம். மனநோயாளி வயிற்றில் ஏதோ இருக்கிறது என்று சொன்னால், வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன் அந்தச் சொல்லையே நோயின் அறிகுறியாகக் கேட்டுக்கொள்ளும் பழக்கம். அவன் வலி, அவன் பிரமையில் ஒரு பகுதி ஆகிவிடுகிறது. அவன் பேசாமல் இருந்தால் அதுவும் நோயின் குணம். மெலிந்தால் சாப்பாட்டில் சந்தேகம் வந்து சாப்பிடவில்லை என்று பொருள். எதைச் சொன்னாலும் ஏற்கெனவே எழுதிவைத்த பதில் ஒன்று தயாராக இருக்கிறது.

இதற்காக டாக்டர்களை மட்டும் குறை சொல்வது நமக்கு அழகில்லை. நவீன இலக்கியம் படிக்கிற நாமும் இதையே வேறு பாஷையில் செய்துவந்திருக்கிறோம். நம் கவிதைகளிலும் கதைகளிலும் பைத்தியக்காரன் அடிக்கடி வருகிறான். சந்தையின் பொய்க்கு நடுவே உண்மையைக் கண்டவனாக, சமூகம் தன் நோயை ஏற்றி அனுப்பிய பலி ஆடாக, தரிசனத்தின் சுமை தாங்காமல் உடைந்தவனாக வருகிறான். ஃபூக்கோவின் புத்தகம் 1961இல் வந்து, பின்னால் அது நம் பத்திரிகைகளில் அடிபட ஆரம்பித்த பிறகு, அடைப்பின் அரசியலைப் பேசக் கற்றுக்கொண்டோம். நல்லதுதான். ஆனால் இந்தப் பைத்தியக்காரனுக்கு மார்பில் கட்டி வந்து நான் வாசித்ததில்லை. மலத்தில் இரத்தம் போவதை யாரிடம் சொல்வது என்று அவன் தவித்து நான் வாசித்ததில்லை. குறியீட்டுக்குக் குடல் இல்லை. வைத்தியன் அவனிடம் நோயை மட்டும் பார்த்தான். நாம் அவனிடம் அர்த்தத்தை மட்டும் பார்த்தோம். இரண்டு பார்வைக்கும் அவன் உடம்பு ஒரு இடைஞ்சல்.

5

கேட்க வேண்டும் என்ற விதி ஒரு கோர்ட்டில் பிறந்தது. 1940லிருந்து 1941 ஆகஸ்ட் வரை ஜெர்மனியில் சுமார் 70,000 மனநோயாளிகளும் ஊனமுற்றவர்களும் ஆறு நிலையங்களில் விஷவாயுவால் கொல்லப்பட்டார்கள். கொல்லப்பட்டவர்களில் நூற்றுக்கணக்கானோரின் மூளைகளை ஹாலர்ஃபோர்டன் என்ற நரம்பியல் நிபுணர் தம் ஆராய்ச்சிக்குச் சேகரித்துக்கொண்டார். யுத்தம் முடிந்து நியூரம்பர்க்கில் டாக்டர்கள் விசாரிக்கப்பட்டபோது, 1947இல் தீர்ப்போடு பத்து விதிகள் வந்தன. சோதனைக்கு உட்படுகிறவனின் சுயமான சம்மதம் இன்றியமையாதது என்பது முதல் விதி. சம்மதிக்கிறவன் சம்மதிப்பதற்குச் சட்டப்படி தகுதி உள்ளவனாக இருக்க வேண்டும் என்றும் அதே விதி சொன்னது.

அந்தத் தகுதி என்ற சொல்லில் எல்லாம் அடங்கியிருக்கிறது. மனநோயாளியைக் காக்க வந்த அதே வாக்கியம், எழுத்துக்கு எழுத்து வாசித்தால், அவனை வெளியே நிறுத்தவும் செய்தது.

உடனே எதுவும் மாறிவிடவில்லை. 1963இல் நியூயார்க்கின் புரூக்ளினில், நாள்பட்ட நோயாளிகளுக்கான ஒரு யூத ஆஸ்பத்திரியில், செஸ்டர் சௌத்தம் என்ற புற்றுநோய் ஆராய்ச்சியாளரின் திட்டப்படி 22 நோயாளிகளுக்கு உயிருள்ள புற்றணுக்களைத் தோலுக்கடியில் ஊசி போட்டார்கள். பலவீனமான உடம்பு அந்நிய அணுக்களை எவ்வளவு வேகத்தில் தள்ளுகிறது என்று பார்ப்பது நோக்கம். அவை புற்றணுக்கள் என்பது நோயாளிகளிடம் சொல்லப்படவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டால் வீணாகப் பயந்துபோவார்கள் என்பது பின்னால் சொன்ன சமாதானம். இதே சௌத்தம் 1956இல் ஒஹாயோ சிறையில் இதே சோதனையைச் செய்தபோது, கைதிகள் விஷயம் தெரிந்தே முன்வந்தவர்கள். இங்கேயும் அதே வரிசை: கைதியிடம் சொல்லலாம், தள்ளாத நோயாளியிடம் வேண்டாம். இந்த ஊசியைப் போட மறுத்த மூன்று இளம் டாக்டர்கள் இருந்தார்கள். அந்த நோயாளிகளில் சிலர் எதற்கும் சம்மதம் சொல்லக்கூடிய மனநிலையிலேயே இல்லை என்று எதிர்த்தவர்கள் சொன்னார்கள். விவகாரம் வெளியே வந்து சௌத்தம் ஓராண்டு கண்காணிப்பில் வைக்கப்பட்டார். 1968இல் அமெரிக்கப் புற்றுநோய் ஆராய்ச்சிச் சங்கத்தின் தலைவரானார்.

1966இல் ஹென்றி பீச்சர் என்ற டாக்டர் இப்படிப்பட்ட 22 ஆய்வுகளை ஒரு கட்டுரையில் அடுக்கியபோது புரூக்ளின் ஊசியும் அதில் இருந்தது. இந்த அலையில் அமெரிக்க அரசு ஒரு தேசியக் கமிஷனை அமைத்தது. சிறைவாசிகள், குழந்தைகள், நிலையங்களில் அடைபட்ட மனநோயாளிகள் என்று தனித்தனியே அது பரிந்துரைகள் கொடுத்தது. மனநோயாளிகள் பற்றியது 1978இல் வந்தது. சிறைவாசிகளுக்கும் குழந்தைகளுக்கும் தனி விதிகள் சட்டமாயின. மனநோயாளிகளுக்கான விதிகள் வரைவோடு நின்றுவிட்டன.

விதி இல்லாத இடத்தில் சௌகரியம் விதியாயிற்று. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தின் மருந்துச் சோதனைகளுக்கான மாதிரிப் படிவத்தில், யாரைச் சேர்க்கக் கூடாது என்ற பட்டியலில் பல காலம் ஒரு வரி இருந்துவந்தது. ஆய்வின் தேவைகளுக்கு ஒத்துழைப்பதைத் தடுக்கக்கூடிய மனநோய் அல்லது சமூக நிலைமை உள்ளவர்கள் வேண்டாம் என்பது அதன் சாரம். படிவம் படிவமாக இந்த வரி நகலெடுக்கப்பட்டது. தனித்தனியே பார்த்தால் இதில் ஒரு நியாயம் இருக்கிறது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாதவனை வைத்து மருந்தை எப்படி எடைபோடுவது? ஆனால் மொத்தத்தில் நடந்தது வேறு. மனச்சிதைவு உள்ள ஒருத்திக்குக் கீமோதெரபி கொடுக்கும்போது என்ன ஆகும் என்பதைப் பற்றி அறிவு சேரவே வழியில்லாமல் போயிற்று. குளோஸபின் என்ற மருந்து சிலருக்கு மற்ற எதுவும் கேட்காதபோது கேட்கிறது. அது வெள்ளையணுக்களைக் குறைத்துவிடக்கூடும் என்ற பயம் உண்டு. கீமோதெரபி வெள்ளையணுக்களைக் குறைக்கிற மருந்தே. குளோஸபினை நிறுத்தினால் பழைய குரல்கள் திரும்பிவரலாம். தொடர்ந்தால் இரத்தம் என்னவாகும்? இந்தக் கேள்வியோடு வரும் நோயாளியின் முன் டாக்டருக்குத் துணையாக இருப்பவை பெரும்பாலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பதிவான தனி நோயாளிகளின் கதைகள்.

1905இல் கேட்காமலே சேர்த்தார்கள். பிறகு கேட்க வேண்டும் என்றானதும், கேட்கிற சிரமத்தைத் தவிர்க்கச் சேர்ப்பதையே விட்டார்கள்.

6

இதன் பலன் எண்களில் தெரிகிறது. மேற்கு ஆஸ்திரேலியாவில் மனநலச் சேவைக்கு வந்தவர்களின் பதிவுகளையும் புற்றுநோய்ப் பதிவுகளையும் இணைத்துப் பார்த்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. ஸ்டீவ் கைஸ்லியும் அவருடைய சகாக்களும் செய்தது. மனநோயாளிகளுக்குப் புற்றுநோய் மற்றவர்களைவிட அதிகமாக வரவில்லை. அதில் சாவது மட்டும் சுமார் 30 சதவிகிதம் அதிகம். கண்டுபிடிக்கும்போதே வேறு உறுப்புகளுக்குப் பரவியிருந்தது மற்றவர்களிடம் 6.1 சதவிகிதம், இவர்களிடம் 7.1 சதவிகிதம். இவர்களுக்கு அறுவை சிகிச்சை குறைவாகவே நடந்திருந்தது. கீமோதெரபித் தவணைகளும் குறைவு. 1909இன் கவசம் இவ்வளவுதான்.

2020இல் பல நாடுகளின் 47 ஆய்வுகளை, சுமார் 47 லட்சம் பேரின் கணக்கை, ஒன்றாக்கிப் பார்த்தார்கள். புற்றுநோயை முன்கூட்டியே தேடும் பரிசோதனை மனநோயாளிகளுக்கு நடந்திருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ கால் பங்கு குறைவு. 2021இல் பின்லாந்திலிருந்து வந்த ஒரு ஆய்வு, புரோலாக்டின் என்ற ஹார்மோனைக் கூட்டும் மனநோய் மருந்துகளை ஐந்து வருஷத்துக்கு மேல் சாப்பிட்ட பெண்களிடம் மார்பகப் புற்றுநோயின் வாய்ப்பு ஒன்றரை மடங்கு என்று காட்டியது. மருந்துதான் காரணம் என்று இதனால் முடிவாகிவிடாது. ஆனால் மனநோய் மருந்துகளின் யுகம் 1952இல் குளோர்புரோமஸினோடு தொடங்கியது. எழுபது வருஷம் இந்தப் பெண்கள் இந்த வகை மருந்துகளைச் சாப்பிட்டுவந்திருக்கிறார்கள்.

கேட்பது முடியாத காரியமா? இரண்டு சோதனைகள் இதற்குப் பதில் சொல்கின்றன. 2000இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் வில்லியம் கார்ப்பென்டரும் அவருடைய சகாக்களும், மனச்சிதைவு உள்ளவர்கள் ஒரு ஆய்வின் நோக்கத்தையும் ஆபத்தையும் எவ்வளவு புரிந்துகொள்கிறார்கள் என்று அளந்தார்கள். முதலில் மற்றவர்களைவிடக் குறைவாகத்தான் இருந்தது. புரியாதவர்களுக்கு மறுபடியும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த பிறகு வித்தியாசம் மறைந்துவிட்டது. தகுதி என்று நியூரம்பர்க்கில் ஒரு சொல்லில் அடைக்கப்பட்ட விஷயம், பெரும்பகுதி, சொல்கிறவன் எவ்வளவு நேரம் உட்காரத் தயார் என்பதைப் பொறுத்ததாக இருந்தது.

இன்னொன்று ஜப்பானில், ஒகயாமாவில் நடந்தது. மனநல ஆஸ்பத்திரிகளுக்கு வந்துபோகும் 172 நோயாளிகள், பெரும்பாலும் மனச்சிதைவு உள்ளவர்கள், கேட்கப்பட்டு, சம்மதித்து, சீட்டுப் போட்டதுபோல இரண்டு பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான வைத்தியம் மட்டும். மற்றப் பிரிவுக்கு ஆஸ்பத்திரியின் ஊழியர் ஒருவர் உட்கார்ந்து, நகரசபை நடத்தும் புற்றுநோய்ப் பரிசோதனை என்ன, எங்கே, எப்படி மனுச் செய்வது என்று விளக்கிக் கூட இருந்து உதவினார். குடல் புற்றுநோய்ப் பரிசோதனைக்குப் போனவர்கள் முதல் பிரிவில் 11.8 சதவிகிதம். இரண்டாவதில் 47.1. புது மருந்து இல்லை, புதுக் கருவி இல்லை.

கோலாலம்பூரைப் போலவே இங்கேயும் இரண்டு பிரிவு; இங்கேயும் ஒன்றில் மட்டும் ஒரே ஒரு பொருள் அதிகம். ஆனால் ஒகயாமாவில் ஒவ்வொருவரும் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அவர்களுடைய மனநோயை ஒரு தடையாக எண்ணித் தள்ளவுமில்லை, ஒரு சௌகரியமாக எண்ணி உபயோகிக்கவுமில்லை.

7

நம் நாட்டில் 2017இல் இயற்றப்பட்டு 2018 மே மாதம் அமலுக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 99ஆம் பிரிவு, மனநோயாளிகளை ஆராய்ச்சியில் சேர்ப்பது பற்றிப் பேசுகிறது. விஷயத்தை விளக்கி, சுதந்திரமாகக் கொடுக்கப்பட்ட சம்மதத்தைப் பெற வேண்டும். சம்மதிக்கும் நிலையில் இல்லாதவர், ஆனால் எதிர்ப்பும் காட்டாதவர் என்றால், மாநில மனநல ஆணையத்தின் அனுமதியும் அவர் நியமித்த பிரதிநிதியின் சம்மதமும் வேண்டும். அதுவும் சம்மதிக்கக்கூடியவர்களை வைத்து அந்த ஆராய்ச்சியைச் செய்ய முடியாது என்றால்தான். கோலாலம்பூரின் மதிலுக்குள் நடந்தது இந்தப் பிரிவின்படி நடக்க முடியாது. அரிசி பற்றிய கேள்வியை வெளியே இருந்தவர்களிடமே கேட்டிருக்கலாம்.

அதே சட்டத்தின் 21ஆம் பிரிவு இன்னொரு பக்கத்தைச் சொல்கிறது: உடல்நோய் உள்ளவர்களுக்குக் கிடைக்கும் எல்லா வைத்தியத்திலும் மனநோயாளிக்குச் சமமான இடம் வேண்டும். 99ஆம் பிரிவு மீறப்பட்டால் யாரோ ஒருவர் வழக்குப் போடலாம்; ஊசி போட்ட இடம் இருக்கும், தேதி இருக்கும், போட்டவர் பெயர் இருக்கும். 21ஆம் பிரிவு மீறப்படும்போது அப்படி எதுவும் இருக்காது. பார்க்கப்படாத கட்டிக்குத் தேதி கிடையாது. படிவத்தில் ஒரு வரியால் தள்ளப்பட்டவளுக்குத் தான் தள்ளப்பட்டதே தெரியாது. ஃப்ளெச்சரின் அறிக்கையில் செத்தவர்கள் 18 என்றாவது எண்ணப்பட்டார்கள். எண்ணப்படாமலே போகிறவர்களின் சரித்திரத்தை எழுதுவது கடினம். மேற்கு ஆஸ்திரேலியாவில் இரண்டு பதிவேடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் அந்த 30 சதவிகிதம் கண்ணுக்குத் தெரிந்தது. நம் மனநல ஆஸ்பத்திரிகளின் பதிவேடுகளையும் நம் புற்றுநோய்ப் பதிவேடுகளையும் அப்படிப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது ஒன்றும் பெரிய விஞ்ஞானம் இல்லை. செய்ய வேண்டிய காரியம்.

அதற்கும் முன்னால், பரிசோதனை அறையில் செய்ய வேண்டியது ஒன்றிருக்கிறது. வயிறு வலிக்கிறது என்று ஒரு மனநோயாளி சொன்னால், வயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.